விமானம் சுருங்கும், ஒளி சுருங்காது

1942 ஜனவரி. பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பள்ளிக்கூடங்களிடம் ஓர் உதவி கேட்டது. 50 வகைப் போர் விமானங்கள், வகைக்கு 10,000 வீதம் மொத்தம் 5 இலட்சம் மாதிரிகள் வேண்டும். மரவேலை வகுப்பு மாணவர்கள் அவற்றைச் செதுக்கித் தர வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு: அசல் விமானத்தில் 72-இல் ஒரு பங்கு. ஒரே நிறம்: கறுப்பு.

அந்த 72-க்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று உண்டு. இந்த அளவு மாதிரியை 35 அடி தள்ளி நின்று பார்த்தால், அசல் விமானம் 2,520 அடிக்கு அப்பால், அதாவது ஏறத்தாழ அரை மைலுக்கு அப்பால், எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு பெரிதாகத் தெரியும். கண் நீளத்தை அளப்பதில்லை, கோணத்தைத்தான் அளக்கிறது. நீண்ட ஓர் அறையின் கோடியில் மாதிரியைத் தொங்கவிட்டால் போதும். பயிற்சி பெறும் பீரங்கி வீரன் அரை மைல் வானத்தைப் பார்த்துவிடுகிறான். தொலைவில் வரும் விமானம் நிறமிழந்து நிழலுருவாகத்தான் தெரியும் என்பதால் கறுப்பு. வருவது நம்முடையதா எதிரியுடையதா என்பதைச் சில நொடிகளில் முடிவு செய்ய வேண்டிய கண்களுக்குப் பள்ளிப் பிள்ளைகள் செய்து கொடுத்த பாடப்புத்தகம் அது.

கடற்படை அந்த அளவைப் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. 1932-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஹே ஸ்டீவன்ஸ் வடிவமைத்த ‘ஸ்கைபேர்ட்ஸ்’ மரத் தொகுப்புகளில் ஆறடி ஓர் அங்குலமாகச் சுருங்கியது. 1936-இல் ‘ஃப்ராக்’ நிறுவனம் அதே அளவில் உலகின் முதல் பிளாஸ்டிக் விமானத் தொகுப்புகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பறக்காத வரிசை என்பதால் அவற்றுக்குப் ‘பென்குவின்’ என்று பெயர். அந்தப் பிளாஸ்டிக், செல்லுலோஸ் அசிட்டேட். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். வளைந்துகொடுப்பதற்காக அதில் கலந்த பொருள்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல வெளியேறும். விளைவு, இறக்கைகள் கோணிக்கொண்டன. அந்தக் காலத்துப் பென்குவின் ஒன்று நேரான இறக்கையோடு இன்று கிடைத்தால் அது அதிர்ஷ்டம்.

போருக்குப் பிறகு அந்த இடத்தைப் பாலிஸ்டைரீன் பிடித்துக்கொண்டது. ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கோலஸ் கோவ் 1939-இல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ், முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகளையும் பின்னர் தலைவாரும் சீப்புகளையும் செய்துகொண்டிருந்த நிறுவனம். சீப்புக்காக வாங்கிய வார்ப்பு எந்திரங்கள் கப்பலையும் வார்க்கும் என்று கண்டு, 1952-இல் ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பலை உறையில் போட்டு வுல்வொர்த் கடைகளில் 2 ஷில்லிங்குக்கு விற்றது. அதன் முதல் விமானத் தொகுப்பு, பின்னர் வந்த பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர். அமெரிக்காவில் ரெவெல் வளர்ந்தது. ஜப்பானின் ஷிஸுவோகா நகரில் மரம் அறுக்கும் ஆலையாக 1946-இல் தொடங்கிய டாமியா, மர மாதிரிகளிலிருந்து 1960-இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1950-களிலிருந்து 70-கள் வரை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வளர்ந்த சிறுவர்களில் ஒரு ஸ்பிட்ஃபயரையாவது ஒட்டாதவர்கள் குறைவு.

அவர்கள் வளர்ந்தார்கள். படிப்பு, வேலை, குடும்பம் என்று ஒவ்வொன்றாக வர, பசைக்குழாய் காய்ந்துபோனது. இப்போது 50-ஐத் தாண்டிய பலர் அதே மேசைக்குத் திரும்பி வருகிறார்கள். 2020 ஊரடங்கு அந்த வருகையை விரைவுபடுத்தியது. ஆண்டுதோறும் நவம்பரில் இங்கிலாந்தின் டெல்ஃபோர்டில் கூடும் மாதிரிக் கலைஞர்களின் பெருங்கண்காட்சியில் நரைத்த தலைகள்தான் அதிகம். சிறுவயதில் பெட்டியைப் பிரித்த அன்றே ஒட்டி, வண்ணம் காய்வதற்குள் கையில் தூக்கி ‘பறக்க’ விட்டவர்கள், இப்போது ஒரே விமானத்துக்கு மாதக்கணக்கில் நேரம் கொடுக்கிறார்கள். காரணம் பொறுமை கூடியது மட்டுமல்ல. அசல் விமானம் எப்படி இருக்கும் என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். அதை மேசைமேல் கொண்டுவருவது எவ்வளவு கடினம் என்பதும் அதனாலேயே தெரியவருகிறது.

கடினம் எங்கே இருக்கிறது? நீளத்தை 72-ஆல் வகுப்பது குழந்தை வேலை. ஸ்பிட்ஃபயரின் 11.23 மீட்டர் இறக்கை விரிவு 15.6 செ.மீ. ஆகிவிடும். ஆனால் ஒளியின் அலைநீளம், திரவத்தின் மேற்பரப்பு இழுவிசை, காற்றின் பாகுத்தன்மை, வண்ணத்தூளின் துகள், மனிதக் கையின் நடுக்கம் ஆகிய எதுவும் 72-ஆல் வகுபடாது. விமானம் மட்டும் சுருங்கிவிட்டது. அதைச் சுற்றியுள்ள இயற்பியல் பழைய அளவிலேயே நிற்கிறது. மாதிரிக் கலைஞரின் முழுத் திறமையும் இந்தப் பொருத்தமின்மையைச் சமாளிப்பதில்தான் இருக்கிறது.

திரும்பி வருபவர் முதலில் உணர்வது தன் கண்ணை. பத்து வயதுச் சிறுவனால் 7, 8 செ.மீ. தொலைவில் பிடித்த பொருளையும் தெளிவாகப் பார்க்க முடியும். விழிவில்லை வயதோடு இறுகி, வளையும் திறனை இழப்பதால் 45 வயதைத் தாண்டும்போது அந்தத் தொலைவு 30 செ.மீ.யையும் கடக்கிறது. பொருள் நான்கு மடங்கு தள்ளிப்போனால் விழித்திரையில் அதன் பிம்பம் நான்கில் ஒன்றாகச் சிறுக்கிறது. அன்று விமானியின் முகத்தில் மூக்குக்கு நிறம் பூசியவருக்கு இன்று முகமே ஒரு புள்ளி. தலையில் மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கி இந்தக் குறையைத் தீர்க்கிறது. பதிலுக்கு, தெளிவாகத் தெரியும் ஆழம் சில மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. தலையைச் சற்று அசைத்தாலே பொருள் மங்கும்.

அடுத்தது கை. ஆரோக்கியமான எல்லோருடைய கையும் வினாடிக்கு 8 முதல் 12 முறை மிக நுண்மையாக நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. அன்றாட வேலையில் அது தெரிவதில்லை. தூரிகை நுனி ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு விலகினாலும், 72-இல் ஒரு பங்கு விமானத்தில் அது 7 மி.மீ. பிசகு. மணிக்கட்டு இரண்டையும் மேசையில் ஊன்றி, ஒரு கையின் விரலை மறுகையில் முட்டுக்கொடுத்து, மூச்சை மெல்ல வெளியே விடும்போது கோடு இழுப்பது கண் அறுவை மருத்துவர்களும் கைக்கொள்ளும் முறைதான். பல மூத்த கலைஞர்கள் 72-ஐ விட்டு 48-இல் ஒரு பங்கு அளவுக்கு மாறுவதற்கும் கண்ணும் கையும்தான் காரணம். அதில் ஸ்பிட்ஃபயர் 23.4 செ.மீ. விரிந்து நிற்கும்.

பெட்டியைத் திறந்ததும் வியப்பு ஒன்று காத்திருக்கிறது. பழைய தொகுப்புகளில் உலோகத் தகடுகள் சேரும் கோடுகள் மேற்பரப்பில் மேடாக எழுந்து நிற்கும். புதியவற்றில் அவை பள்ளமாக, தலைமுடிபோல் மெலிந்து ஓடும். இந்த மாற்றம் ரசனையால் வந்தது அல்ல, அச்சு வெட்டும் தொழில்நுட்பத்தால் வந்தது.

பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கும். 200 டிகிரியைத் தாண்டியதும் பாகாக ஓடும். அந்தப் பாகை உருக்கு அச்சுக்குள் பேரழுத்தத்தில் செலுத்திக் குளிரவைப்பதுதான் வார்ப்பு. உருக்கில் ஊசியால் கீறுவது எளிது. அச்சில் கீறல் பள்ளமானால் பிளாஸ்டிக்கில் அது மேடு. பிளாஸ்டிக்கில் பள்ளம் வேண்டுமென்றால் அச்சில் மேடு வேண்டும். அந்த மெல்லிய வரப்பை மட்டும் விட்டுவிட்டு மற்ற பரப்பு முழுவதையும் உருக்கில் செதுக்கி எடுக்க வேண்டும். கையால் அதைச் செய்வது பெரும்பாடு. கணினி வழிகாட்டலில் உருக்கைச் செதுக்கும் எந்திரங்களும், மின்பொறியால் உருக்கைத் துகள்துகளாக அரிக்கும் முறையும் வந்த பிறகுதான் அது வழக்கமானது.

உருக்கு அச்சுக்கு ஆயுள் நீளம். வரலாற்றையே சுமந்து நாடு மாறும் அச்சுகளும் உண்டு. 1970-களின் நடுப்பகுதியில் ஃப்ராக் தொழிலை விட்டபோது அதன் அச்சுகளில் பெரும்பாலானவை சோவியத் ஒன்றியத்துக்குப் போயின; அங்கிருந்து ‘நோவோ’ என்ற பெயரில் பெட்டிகள் வெளிவந்தன. ஜெர்மனி, ஜப்பான், இத்தாலி விமானங்களின் அச்சுகளைச் சோவியத் தரப்பு ஏற்கவில்லை. அவை ரெவெல் கைக்குப் போயின. இரண்டு கோடிக்கும் மேற்பட்டோரை இரண்டாம் உலகப் போரில் இழந்த நாடு எதிரியின் விமானத்தைப் பொம்மையாகக்கூட வார்க்க விரும்பவில்லை என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. இப்படிக் கைமாறிய பழைய அச்சுகள் இன்றும் புதுப் பெட்டிப் படத்தோடு கடைக்கு வருகின்றன. திரும்பி வருபவர் வாங்கும்முன் விசாரிக்க வேண்டிய முதல் செய்தி, பெட்டிக்குள் இருக்கும் அச்சின் வயது. தேய்ந்த அச்சின் இரு பாதிகளும் இறுகப் பொருந்தாது. இடுக்கில் கசியும் பிளாஸ்டிக், உறுப்பின் விளிம்பெங்கும் மெல்லிய சவ்வாகத் தொங்கும். தடித்த பகுதியின் உட்புறம் கடைசியாகக் குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை உள்ளே இழுத்துக் குழிவு உண்டாக்கும். இரண்டுக்கும் மருந்து கத்தியும், குழி நிரப்பும் மக்கும், உப்புத்தாளும்தான்.

மெல்லிய கோடு என்று சொன்னோம். எவ்வளவு மெல்லியது? அசல் விமானத்தில் இரு தகடுகளுக்கு இடையிலான இடைவெளி ஒன்றிரண்டு மி.மீ. அதை 72-ஆல் வகுத்தால் 0.02 மி.மீ. நல்ல பார்வை உள்ளவர் 30 செ.மீ. தொலைவில் பிரித்தறியும் மிகச் சிறிய அளவு ஏறத்தாழ 0.09 மி.மீ. ஆகவே அளவுக்கு உண்மையாக இருக்கும் கோடு கண்ணுக்கு எளிதில் எடுபடாது. தொகுப்புகளில் அது 0.1, 0.2 மி.மீ. அகலத்தில் பொறிக்கப்படுகிறது. அசலில் அது ஒரு செ.மீ. அகல வாய்க்கால். அளவுகோல் இதைத் தவறு என்று சொல்லும், கண் சரி என்று சொல்லும். நல்ல வடிவமைப்பாளர்கள் கண்ணின் பக்கம் நிற்கிறார்கள். அதுவே சரியான முடிவு.

ஆணிகளின் கதை இன்னும் சுவையானது. ஸ்பிட்ஃபயரில் தலை வெளியே நீட்டாத, தகட்டோடு மட்டமாகப் பதியும் ஆணிகள் பயன்பட்டன. அவற்றை அடிக்கக் கூடுதல் உழைப்பும் செலவும் ஆகும். எல்லா இடத்திலும் அவை தேவைதானா என்று அறியப் பொறியாளர்கள் முன்மாதிரி விமானத்தில் ஒவ்வோர் ஆணியின் மேலும் உடைத்த பட்டாணியை ஒட்டி, உருண்டைத் தலை ஆணிபோல் ஆக்கிப் பறக்கவிட்டார்கள். வேகம் மணிக்கு 22 மைல் குறைந்தது. பிறகு பட்டாணியைப் பகுதி பகுதியாகச் சுரண்டி எடுத்துச் சோதித்தபோது, எங்கே மட்டமான ஆணி கட்டாயம், எங்கே உருண்டைத் தலை போதும் என்று தெரிந்தது. இந்தக் கதை தெரிந்தவர், உடல் முழுக்க மேடான ஆணிப் புள்ளிகளோடு வரும் பழைய ஸ்பிட்ஃபயர் தொகுப்பைப் பார்த்தால் முதல் வேலையாக உப்புத்தாளைத்தான் எடுப்பார். அந்த விமானத்தின் வேகம் போன இடம் அதுதானே.

தடிமனும் சுருங்க மறுக்கும் ஒன்று. ஸ்பிட்ஃபயரின் அலுமினியத் தோல் பெரும்பகுதியில் ஒரு மி.மீ.க்குச் சற்று முன்பின். 72-ஆல் வகுத்தால் 0.014 மி.மீ.; சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளின் கனம். பாலிஸ்டைரீன் பாகு அவ்வளவு குறுகிய இடைவெளிக்குள் புகுவதற்குள் உறைந்துவிடும். அதனால் தொகுப்பின் சுவர்கள் ஏறத்தாழ ஒரு மி.மீ. கனத்தில் வார்க்கப்படுகின்றன. அசல் அளவில் பார்த்தால் அது ஏழு செ.மீ. கவசம். உள்ளே தெரியாத இடத்தில் இதனால் கேடில்லை. இறக்கையின் பின் விளிம்பிலும் சக்கர அறைக் கதவிலும் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். அங்கே உட்புறத்திலிருந்து தேய்த்து மெலிதாக்குவது பழைய வழி. அமிலத்தால் அரித்த பித்தளைத் தகடுகள் புதிய வழி. செக் குடியரசின் எடுவார்ட் நிறுவனம் இந்த வேலைக்குப் பெயர்பெற்றது. இருக்கைப் பட்டையும் கருவிப் பலகையும் அதில் வண்ணம் அச்சிட்டே கிடைக்கின்றன. இப்போது ஒளியால் இறுகும் பிசினில் முப்பரிமாண அச்சும் வந்துவிட்டது. அதன் ஒவ்வோர் அடுக்கும் 0.03 முதல் 0.05 மி.மீ.

இதுவரை சொன்ன இடங்களிலெல்லாம் சுருங்காத இயற்பியல் தடையாக நின்றது. ஓரிடத்தில் அது முழுமையாகக் கலைஞரின் பக்கம் சேர்ந்துகொள்கிறது: பசையில்.

பாலிஸ்டைரீனை ஒட்டும் திரவம் உண்மையில் பசையே இல்லை, கரைப்பான். டாமியாவின் மிக நீர்த்த பசையில் அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும் இருக்கின்றன. பாலிஸ்டைரீனில் மூலக்கூறுச் சங்கிலிகள் படிகமாக அடுக்கப்படாமல் தாறுமாறாகப் பின்னிக் கிடப்பதால் கரைப்பான் எளிதில் உள்ளே நுழைகிறது. இரு துண்டுகளின் மேற்பரப்பும் இளகி, இந்தப் பக்கச் சங்கிலி அந்தப் பக்கமும் அந்தப் பக்கச் சங்கிலி இந்தப் பக்கமுமாகப் பின்னிக்கொள்கின்றன. கரைப்பான் ஆவியானதும் நடுவில் வேறு பொருள் எதுவும் மிஞ்சுவதில்லை. இரண்டு துண்டும் ஒரே துண்டாகிவிடுகின்றன. உலோகத்தில் வெல்டிங் செய்வதை இங்கே அறை வெப்பத்தில் செய்கிறோம்.

சிறுவர்கள் குழாயிலிருந்து பசையைப் பிதுக்கித் தடவிவிட்டுத் துண்டுகளைச் சேர்ப்பார்கள். பாதி வெளியே வழிந்து விரல்ரேகை பதியும். அனுபவசாலிகள் முறையைத் தலைகீழாக்குகிறார்கள். உலர்ந்த துண்டுகளை முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தூரிகை நுனியை இணைப்பில் ஓரிடத்தில் தொடுகிறார்கள். அவ்வளவுதான், திரவம் தானே இணைப்பு முழுவதும் ஓடிப் பரவுகிறது. நுண்புழை விசையின் வேலை இது. ஒன்றிரண்டு மி.மீ.க்குக் குறைவான உலகில் மேற்பரப்பு இழுவிசை புவியீர்ப்பை வென்றுவிடும். அசல் விமானம் அளவில் இந்த விசை கணக்கிலேயே வராது. மாதிரி அளவில் அதுதான் தலைமை. தகட்டுக் கோடுகளுக்குக் கருமை ஏற்றும்போதும் இதே விசைதான் உதவுகிறது. நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தைப் பள்ளத்தில் ஒரு துளி தொட்டால், எந்தத் தூரிகையும் இழுக்க முடியாத கோட்டை அது தானே இழுத்துக்கொண்டு போகிறது.

உலோகத்தையும் பிசினையும் கரைப்பானால் ஒட்ட முடியாது. அதற்கு நம் ஊரில் ஃபெவிக்விக் என்று எல்லோரும் அறிந்த சயனோஅக்ரிலேட். இரண்டாம் உலகப் போரின்போது கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்கு ஒளிபுகும் பிளாஸ்டிக் தேடியபோது இந்த வேதிப்பொருள் கைப்பட்டது. தொட்ட எதிலும் ஒட்டிக்கொள்கிறது என்று அதை அன்று ஒதுக்கிவைத்தார்கள். 1951-இல் அந்தக் குணமே அதன் பயன் என்று உணர்ந்து, 1958-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். காற்றின் ஈரம்தான் அதை இறுகச் செய்கிறது. கடலோர ஊர்களில் சீக்கிரம் பிடித்துக்கொள்வது அதனால்தான். விமானி அறைக் கண்ணாடிக்கு மட்டும் அதைப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. இறுகும்போது கிளம்பும் ஆவி கண்ணாடியில் வெண்பனியாகப் படிந்துவிடும். குற்றவியல் ஆய்வாளர்கள் இதே ஆவியைக் கொண்டுதான் மறைந்திருக்கும் விரல்ரேகைகளை வெளிக்கொணர்கிறார்கள். கண்ணாடிக்கு ஏற்றது சாதாரண ஃபெவிகால்தான். ஆவி கிடையாது, காய்ந்தால் நிறமற்றுப்போகும், வழிந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

வண்ணம் என்று வரும்போது வேறு வகைச் சிக்கல். தூரிகையால் தடவிய பூச்சு 0.05 மி.மீ. கனம் இருந்தால் அசல் அளவில் அது 3.6 மி.மீ. பொறித்த கோடுகளைத் தூர்த்துவிட இரண்டு பூச்சு போதும். காற்றுத் தூரிகையைக் கலைஞர்கள் நாடுவது இதனால்தான். அதன் நுனியில் விரைந்து பாயும் காற்று, வண்ணத்தை இழுத்து நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. ஒவ்வொரு பூச்சும் மைக்ரான் கணக்கில்தான் ஏறும். துளி சிறுத்தால் அதன் பருமனுக்கு ஒப்பிடப் பரப்பு பெருகும். பரப்பு பெருகினால் சீக்கிரம் காயும். தூரிகையைத் தள்ளிப் பிடித்தால் துளி பறக்கும் வழியிலேயே காய்ந்து, மேற்பரப்பில் சொரசொரப்பாக வந்து உட்காரும். பதம் பார்த்து நீர்க்கச் செய்வதையும், அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 15, 20 பவுண்டு அளவில் வைப்பதையும், நெருங்கிப் பிடிப்பதையும் எல்லோரும் காகிதத்தில் பழகித்தான் கற்கிறார்கள். மழைக்காலச் சென்னையில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் படிவதால் லாக்கர் பூச்சு வெளுத்துப்போகும். வெயில் ஏறிய பிறகு அடிப்பதே நல்லது.

வெள்ளி நிறம் பூசியவர்களுக்குச் சிறுவயது ஏமாற்றம் ஒன்று நினைவிருக்கும். புட்டியில் பளபளத்த வண்ணம் விமானத்தில் மணல் தூவினாற்போல் மின்னும். அதிலுள்ள அலுமினியச் செதில் ஒன்று 0.03 மி.மீ. இருந்தால்கூட அசல் அளவில் அது 2 மி.மீ. தகடு, கண் அந்தத் தனித்தனி மின்னலைப் பிடித்துவிடுகிறது. இன்றைய உலோக லாக்கர்களில் செதில்கள் மிக நுண்மையாக அரைக்கப்படுகின்றன. வழவழப்பான கறுப்புப் பூச்சின் மேல் அவற்றை அடித்தால் செதில்கள் படுக்கையாகப் படிகின்றன; இடுக்கில் நுழையும் ஒளியைக் கறுப்பு விழுங்கிவிட, செதில்கள் திருப்பும் ஒளி மட்டும் கண்ணுக்கு வருகிறது. கறுப்பு அடித்தளம் இல்லாமல் இந்த வெள்ளி பிறக்காது.

நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்களும் ஒளியின் விளையாட்டில் மாட்டுகின்றன. மங்கலான பூச்சு நுண்ணளவில் மேடுபள்ளம் நிறைந்தது. அதன்மேல் சின்னத்தை ஒட்டினால் அடியில் காற்றுக் குமிழ்கள் சிக்கி, ஒளியைச் சிதறடித்து வெள்ளி பூத்ததுபோல் தெரியும். முதலில் பளபளப்பான பூச்சு, அதன்மேல் சின்னம், கடைசியில் மங்கலான பூச்சு என்ற வரிசை இதனால் வந்தது.

நிறத்தின் செறிவு பற்றி இத்துறையில் நெடுநாளாக ஒரு வாதம் நடக்கிறது. அசல் விமானத்தின் அதே வண்ணத்தை மாதிரியில் பூசினால் அது அளவுக்கு மீறிக் கறுத்துத் தெரியும். சற்று வெள்ளை கலக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. தொலைவிலுள்ள மலை நீலமாக வெளுப்பதுபோல் இடையிலுள்ள காற்று நிறத்தை வெளுக்கிறது என்று அவர்கள் காரணம் சொல்கிறார்கள். ஆனால் மாதிரியை 30 செ.மீ. தொலைவில் பார்ப்பது, அசலை 21.6 மீட்டர் தொலைவில் பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரக் காற்று நிறத்தை மாற்றும் அளவு மிகச் சொற்பம். கண்கூடான காரணங்கள் வேறு. அசல் விமானம் திறந்த வானத்தின் கீழ் நிற்கிறது. அதன் பரப்பெங்கும் வானத்தின் ஒளி பட்டுத் திரும்புகிறது. வெயிலும் மழையும் பெட்ரோலும் பட்டு அதன் வண்ணம் வெளுத்திருக்கிறது. மாதிரியோ அறை விளக்கின் கீழ் நிற்கிறது. வெள்ளை கலப்பது சரிதான். சொல்லப்படும் காரணம்தான் பலவீனமானது.

பறக்கும் மாதிரி செய்பவர்களிடம் கேட்டால் இந்தச் சிக்கலெல்லாம் சிறிது என்பார்கள். நம் ஊர் என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்களும் பால்சா மரத்தில் பறக்கும் மாதிரி செய்யப் பழகுகிறார்கள். காற்று இறக்கையைச் சுற்றி ஓடும் விதத்தை ரெனால்ட்ஸ் எண் தீர்மானிக்கிறது. இறக்கையின் அகலம், வேகம், காற்றின் பாகுத்தன்மை மூன்றும் அதில் அடங்கும். முழு வேகத்தில் பறக்கும் ஸ்பிட்ஃபயருக்கு அது கோடிக்கணக்கில் இருக்கும். 12-இல் ஒரு பங்கு மாதிரி வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பறந்தால் இரண்டு இலட்சத்தைக்கூடத் தொடாது. அந்த நிலையில் காற்றோட்டம் இறக்கையின் மேற்பரப்பை விட்டுச் சீக்கிரமே பிரிந்துவிடும். சற்றே வேகம் குறைந்தாலும் விமானம் சரியும். அதனால் வால் இறக்கையைக் கொஞ்சம் பெரிதாக்குவார்கள், இறக்கைகளை மேல்நோக்கிச் சற்றுக் கூடுதலாகச் சாய்ப்பார்கள். நிற்கும் மாதிரியில் கண்ணுக்காகச் செய்யும் சலுகையை, பறக்கும் மாதிரியில் காற்றுக்காகச் செய்கிறார்கள்.

மேசைமேல் நிற்கும் மாதிரியும் எடைக்கு விலக்கில்லை. நீளம் 72-இல் ஒன்றானால் பருமன் 3,73,248-இல் ஒன்றாகும். 2,700 கிலோ ஸ்பிட்ஃபயர் இந்தக் கணக்கில் 7 கிராம்தான் இருக்க வேண்டும். தடித்த பிளாஸ்டிக்கில் அது நடக்காது. மொத்த எடையைவிட எடை எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய தொல்லை. அசல் விமானத்தில் முன்பக்கம் கனமான எஞ்சின், துப்பாக்கிகள், கருவிகள் இருக்கும். மாதிரியின் மூக்கு வெற்றுக் கூடு. மூக்கின்கீழ் ஒரு சக்கரமும் இறக்கையின்கீழ் இரண்டு சக்கரங்களும் கொண்ட விமானங்கள் முடிந்த மறுநொடி வாலில் உட்கார்ந்துவிடும். இரட்டை வால்தண்டு கொண்ட லாக்ஹீட் பி-38 இதற்குப் பேர்போனது. 48-இல் ஒரு பங்கு அளவில் டாமியா வெளியிட்ட பி-38 தொகுப்பில் இதற்காகவே உருக்குக் குண்டுகளைப் பெட்டியிலேயே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

குண்டு வராத தொகுப்புகளுக்குக் கலைஞர்கள் மீன்தூண்டில் ஈயத்தைப் பயன்படுத்துகிறார்கள். உடலின் இரு பாதிகளையும் இறக்கைகளையும் ஒட்டுநாடாவால் தற்காலிகமாகச் சேர்த்து, பின்சக்கரங்கள் வரும் இடத்துக்கு நேர் கீழே இரண்டு விரல் நுனிகளைக் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். மூக்கு கீழே சாயும்வரை ஈயத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பூச இருக்கும் வண்ணத்துக்கும் வாலில் ஒட்ட இருக்கும் சிறு உறுப்புகளுக்குமாகக் கொஞ்சம் கூடுதலாகவும் வைத்து, அது உள்ளே உருளாதபடி ஒட்டிய பிறகே உடலை மூடுகிறார்கள்.